சனிக்கிழமை வெர்ஷன்

மேஜைமேல் கிடந்த போன் மறுபடியும் அணைந்தது. காலையிலிருந்து இது ஏழாவது தடவை. குந்தோரோ பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தான்.

"வரட்டும் அந்த ஆளு. சட்டையைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"சட்டையை விடுங்கண்ணே. அவர்கிட்ட இதே மாடல் அஞ்சு இருக்காம். ஒண்ணைக் கேட்டு வாங்கிக்குங்க" என்றான் இல்ஹாம், வாயில் வாழைப்பழ பஜ்ஜியோடு. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம் படிக்கிறவன்.

"யார் சொன்னா அஞ்சுன்னு?"

"குழுவுல எல்லாரும் பேசிக்கிறாங்களே."

சுரபயா பழைய சந்தைக்குப் பின்னால் இருந்த காப்பிக் கடையில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூவரிடமும் ஒரே மாடல் போன். கம்பெனி அதைக் கைகழுவி நாலு வருஷம் ஆகிறது. இன்னும் அது ஓடுகிறதென்றால், இந்த மாடல்காரர்களின் இணையக் குழுவில் 'கசப்புக் காப்பி' என்ற பெயரில் இருக்கிற ஒருவர்தான் காரணம். சனிக்கிழமைதோறும் போனை ஓட்டும் சாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் எழுதிப் போடுவார். இவர்கள் தங்கள் போனில் ஏற்றிப் பார்த்து, எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதுவார்கள். சம்பளம் கிடையாது. அவர் முகத்தை யாரும் பார்த்ததும் கிடையாது. இன்றைக்கு நேரில் வருகிறேன் என்று அவரே சொல்லியிருந்தார்.

குந்தோரோவுக்கு வேலை பார்சல் டெலிவரி. போன சனிக்கிழமை வெர்ஷனை ஏற்றியதிலிருந்து, யாராவது கூப்பிட்டால் போதும், போன் அணைந்துவிடுகிறது. அவனோடு போயிருந்தால் பரவாயில்லை. கிடங்கில் இன்னும் ஒன்பது பேருக்கு அவனே ஏற்றிக் கொடுத்திருந்தான். நல்லா இருக்கு, நான் கியாரண்டி என்று வேறு சொல்லியிருந்தான்.

காலையில் பைக்கை எடுக்கும்போது மேற்பார்வையாளர் வந்து நின்றார். கஸ்டமர் கூப்பிட்டால் யாரும் எடுப்பதில்லை என்று நாளைக்கும் புகார் வந்தால் பத்துப் பேரும் வீட்டிலேயே இருக்கலாம் என்றார். ஒன்பது பேரும் மேற்பார்வையாளரைப் பார்க்கவில்லை. குந்தோரோவைப் பார்த்தார்கள்.

"பழைய வெர்ஷனுக்கே போயிட வேண்டியதுதானே?" என்றான் இல்ஹாம்.

"அதுல பார்சல் ஆப் திறக்காதுடா. அதுக்குத்தானே இதை ஏத்துனோம்."

மேஜைக்கடியில் குந்தோரோவின் கால் நிற்காமல் ஆடியது.

"காலை ஆட்டாத தம்பி, என் கிளாஸ் நடந்து வருது" என்றார் சுமார்னி அம்மா. தபால் ஆபீசில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வுபெற்றவர். வயது அறுபத்தொன்று. "அவர்கிட்ட மரியாதையாப் பேசு. பெரிய மூளை அது. ஒரு தடவை டார்ச் அணைய மாட்டேங்குதுன்னு எழுதினேன். டார்ச் கேமராவுக்கு மேல இருக்கா, கீழ இருக்கான்னு என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குப் பரீட்சை வைக்கிறார்னு புரிஞ்சுது. அன்னிலேருந்துதான் உக்காந்து ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டேன்."

"பாஸா, ஃபெயிலா?"

"உன்னை மாதிரி அரியர் வைக்கல."

குந்தோரோ சிரிக்கவில்லை. எழுந்துபோய் பைக் பெட்டியில் இருந்த ஆறு பார்சலையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். உட்கார்ந்தான். போன் அடித்தது. எடுப்பதற்குள் திரை கறுத்தது.

"எட்டு" என்றான் இல்ஹாம்.

"வாயை மூடு."

அப்போதுதான் அவர் வந்தார். முப்பது வயதுக்குமேல் இருக்காது. ஒல்லி. ஜிப் போன லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். மேஜைமேல் ஒரே மாதிரி மூன்று போன்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்தார்.

"நீங்கதானா கசப்புக் காப்பி?" என்று சுமார்னி அம்மா பாதி எழுந்தார்.

அவர் தலையாட்டினார். கடைக்காரரிடம் திரும்பி, "ஒரு காப்பி. சர்க்கரை மூணு கரண்டி" என்றார்.

இல்ஹாமுக்குச் சிரிப்பு வந்தது. குந்தோரோ நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

"உங்களால பத்துப் பேர் வேலை போகப்போகுது, தெரியுமா?"

"தெரியும்ணே. அதான் மலாங்லேருந்து பஸ் புடிச்சு வந்தேன். நீங்க அனுப்பினதை எல்லாம் ரெண்டு நாளாப் பாக்குறேன். எங்க தப்புன்னே புடிபடல."

"எங்க பத்துப் பேர் போனும் சாகுது. உங்களுது மட்டும் சாகல. அப்படித்தானே?"

குந்தோரோ மேஜையைத் தட்டினான்.

"எடுங்க வெளிய. என் போன் பக்கத்துல வைங்க. இந்தப் பையன் ரெண்டுக்கும் கூப்பிடட்டும். உங்களுதுல ஓடி என்னுதுல ஓடலைன்னா, அந்தப் போனைக் குடுத்துட்டுப் போங்க. என்னுதை நீங்க வச்சுக்கிட்டுச் சரிபண்ணுங்க."

இல்ஹாம் மெல்வதை நிறுத்தினான். சுமார்னி அம்மா, "தம்பி, தம்பி" என்று குந்தோரோவின் கையைப் பிடித்தார்.

அவர் சட்டைப்பையில் கைவிட்டார். மேஜைமேல் வைத்தது ரப்பர் பேண்ட் சுற்றிய பழைய பட்டன் போன்.

அவர் குந்தோரோவின் போனை இரண்டு கையாலும் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். கையில் எடை பார்த்தார். பொத்தான் எந்த ஓரத்தில் இருக்கிறது என்று விரலால் தேடினார்.

"இந்த மாடலை நான் பாக்குறதே இன்னிக்குத்தான், அண்ணே."