பரசுராமன் சாரின் குப்பை மெயில்

பல்கலைக்கழகத்தில் எல்லாருடைய மெயிலுக்கும் குப்பையைத் தடுக்கும் ஃபில்டர் போட்டாயிற்று. வேண்டவே வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர் ஒருவர்தான், கணிதப் பேராசிரியர் பரசுராமன்.

அவர் பெட்டிக்கு வராத குப்பை இல்லை. லாட்டரியில் கோடி விழுந்த சேதி வரும். ஏதோ தேசத்து இளவரசி தன் சொத்தை எழுதித் தருகிறேன் என்பாள். மிச்சமெல்லாம் ஆண்மைக்கு மாத்திரை. மனிதர் காலையில் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்று விடாமல் திறந்து பார்ப்பார்.

"நெத்தி நெறைய விபூதி. உள்ள கேக்குது பாரு மாத்திரை," என்று கம்ப்யூட்டர் சென்டரில் அருள்ராஜ் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் கஸ்தூரியும் சேர்ந்து சிரித்தவள்தான்.

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. குப்பை நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. பசங்களுக்குக் கம்பெனிகளிலிருந்து வரவேண்டிய இன்டர்வியூ மெயில்கள் வந்த வழியே திரும்பிப் போயின. ரிஜிஸ்ட்ரார் ராமதாஸ் கஸ்தூரியைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். சாயந்திரத்துக்குள் பரசுராமன் ஃபில்டருக்குச் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய மெயில் கணக்கையே மூடிவிட வேண்டும் என்பது உத்தரவு.

பௌர்ணமி நாள். கிரிவலக் கூட்டம் சேர்வதற்குள் பஸ் பிடிக்கவேண்டும் என்று பாதிப் பேர் மதியமே கிளம்பிவிட்டார்கள். ஆளில்லாத வராந்தாவில் கோபத்தோடு நடந்து போய் அவர் அறைக்குள் நுழைந்தாள் கஸ்தூரி. திரையில் ஒரு மாத்திரை விளம்பரம் திறந்திருந்தது.

விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"கணக்கை மட்டும் மூடிடாதீங்கம்மா."

"எல்லாரும் ஃபில்டர் போட்டுக்கிட்டாங்க சார். உங்களுக்கு மட்டும் இந்த அசிங்கமெல்லாம் எதுக்கு வேணும்?"

கேட்ட பிறகுதான், கொஞ்சம் ஜாஸ்தியாகப் பேசிவிட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. அவர் கோபப்படவில்லை. ஜன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்தபடி சொன்னார்.

"எம் பொண்ணு அன்புச்செல்வி, வேற சாதிப் பையனைக் கட்டிக்கினு பூனாவுக்குப் போயிட்டா. எனக்குப் பொண்ணே இல்லைனு சொந்தபந்தம் முன்னாடி தலைமுழுகினேன். அந்த ஈரம் காயறதுக்குள்ள இங்க வந்து, உங்களுக்கு முன்னாடி இருந்தாரே மூர்த்தி, அவர்கிட்ட அவ மெயில் எதுவும் எனக்கு வரக்கூடாதுனு சொல்லிட்டேன்."

மூர்த்தி சொன்னதைச் செய்துவிட்டு, வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். வருஷங்கள் ஓடின. கோபம் ஆறிப்போனது. ஆனால் மகள் பெயரைச் சொல்லித் தடையை எடுக்கச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ஊரறியத் தலைமுழுகியவன் இன்றைக்கு அவள் மெயிலுக்கு ஏங்குகிறான் என்று நாலு பேர் பேசுவார்களே. அதனால்தான், ஃபில்டரே இல்லாவிட்டால் அந்தத் தடையும் போய்விடும் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாராம். புது முகவரியிலிருந்து எழுதினாலும் எழுதுவாள் என்றுதான் ஒவ்வொரு குப்பையாகத் திறந்து பார்த்தாராம்.

கஸ்தூரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"நீங்களே ஒரு வரி எழுதிப் போடலாமே சார்."

"அவ மொதல்ல எழுதட்டும்மா. அப்புறம் நான் பதில் போடாம இருப்பேனா? நானாப் போயி எப்படி எழுதறது..."

கஸ்தூரி மெதுவாக எடுத்துச் சொன்னாள். இவர் வேண்டாம் என்றது குப்பை ஃபில்டரை மட்டும்தான். மூர்த்தி போட்ட தடை அதில் இருக்காது, சர்வரின் வாசலிலேயே தனியாக இருக்கும். அது இன்னமும் அங்கேயே இருந்தால், மகள் எத்தனை எழுதினாலும் உள்ளே வந்திருக்காது.

"அப்போ அவ எழுதியிருப்பாளா? அது தெரியுமா?"

"தெரியும் சார். வந்து திரும்பினது எல்லாத்துக்கும் சர்வர்ல பதிவு இருக்கும். பாத்துட்டு வரேன்."

தன் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். தடை அப்படியேதான் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் போட்டது போட்டபடி, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நெறைய தடவை எழுதியிருக்காங்க சார். தீபத் திருநாளுக்குக்கூட எழுதியிருக்காங்க. எல்லாம் வாசல்லயே திரும்பிடுச்சு. படிக்கத்தான் முடியாது. அப்பா பதிலே போடலைனு இல்ல அவங்க நெனச்சிக்கினு இருப்பாங்க?"

அவர் அழுதார். ஒரு பெண்பிள்ளை எதிரில் நிற்கிறாளே என்றுகூடப் பார்க்காமல் அழுதார். பிறகு வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்தார். ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டுத்தடுமாறி அடிக்க ஆரம்பித்தார்.

"ஃபில்டரைப் போட்டுக்கங்கம்மா," என்றார், தலையைத் திருப்பாமலே.

கிழவனை எப்படி வழிக்குக் கொண்டுவந்தாய் என்று அருள்ராஜ் கண்ணடித்துக் கேட்டான். கஸ்தூரி தன் இடத்தில் உட்கார்ந்து, அன்புச்செல்வியின் முகவரி மேல் இருந்த தடையை முதல் வேலையாக எடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் அந்தத் தடை ஒரு மெயிலைக்கூடத் தடுத்திருக்கவில்லை என்பது, பதிவைப் பார்த்த அவளுக்கு மட்டும்தான் தெரியும்.