கருத்துக் கேட்ட மாமி

"மகள், 'ஈவில்' எண்டா என்ன கருத்து?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த றுமானாவின் கை நின்றது. "அத எங்க கேட்டீங்க உம்மா?"

"ஒன்ட மாப்பிள்ளை வாசல் முத்தத்தில நிண்டு போன்ல இங்கிலீசில கதைச்சார். 'மதர் இன் லோ' எண்டது வெளங்கிச்சு. அதுக்குப் பொறகு இதத்தான் ரெண்டு தரம் சொன்னார்."

"கெட்ட ஆளுகளுக்குச் சொல்ற உம்மா."

"கோவத்தில சும்மா சொல்றதா?"

"சும்மா இல்ல. பொல்லாத ஆள் எண்டு நாம பகிடிக்கும் சொல்லுவம். இது அதுக்கும் மேல. வேணுமெண்டே அடுத்தவங்களுக்குக் கெடுதல் செய்ற ஆளுக்குச் சொல்ற."

"யா அல்லாஹ்! நான் அவருக்கு என்ன செஞ்சன்?"

"நான்தான் சொன்னனே. ஒங்களோட இருக்க ஏலாதாம். கொழும்புக்குப் போயே ஆகணுமாம்."

கணவர் மவுத்தான பிறகு றஹீமாவுக்கு இருப்பது இந்த ஒரு மகள்தான். மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். இவர்கள் போய்விட்டால் யார் இருக்கிறார்கள்?

மருமகன் றிஸ்மியோடு அவள் ஒரு நாளும் நேரில் பேசியதில்லை. மாமி மருமகனுக்கு முன்னால் வருவதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். சொல்ல வேண்டியதை றுமானாவிடம் சொல்வாள். பதிலும் றுமானாவின் வாயால்தான் வரும்.

நல்ல இறால் கிடைத்தால் அந்த மனிதருக்கென்றே பொரித்து வைத்தாளே! அதற்குக் கிடைத்த பெயரா இது?

பின்னேரம் றுமானா கடைக்குப் போனாள். வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! றஹீமா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கதவு மறைவில் வந்து நின்றாள்.

"மருமகன், நான் ஒங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சன்?"

கதிரையில் இருந்த றிஸ்மி பதறி எழும்பினான்.

"மாமி... நீங்கதானே எங்கள வீட்ட விட்டு வெளிக்கிடச் சொல்லி றுமானாக்கிட்ட சொல்லி அனுப்புறீங்க? அது பொறுக்க ஏலாமத்தான் கூட்டாளிக்கிட்ட அப்படிச் சொல்லிட்டன்."

"நானா? நீங்கதானே கொழும்புக்குப் போகணுமெண்டு நிக்கிறீங்க?"

"போகக் கேக்கிறது றுமானாதான்! மாமியத் தனிய விட்டுட்டு வரமாட்டன் எண்டு எத்தன தரம் சொல்லிட்டன்!"

வெளியே கேற் திறக்கும் சத்தம் கேட்டது.

"அந்த 'ஈவில்' எண்ட சொல்லுக்குக் கருத்து சரியாத்தான் சொல்லியிருக்காய் மகள்," என்றாள் றஹீமா, உள்ளே வந்த றுமானாவைப் பார்த்து. "ஆளத்தான் மாத்திச் சொல்லிட்டாய்."