கடைசி மடி

“ஏம்பா ஐயப்பா, வண்டி இன்னும் திண்டிவனமே தாண்டல. அதுக்குள்ள எதுக்கு மூஞ்சில அரிதாரம்?”

கேட்டார் கூத்து வாத்தியார் கொளஞ்சி. ஐயப்பன் ஓடுகிற வேனில் கைக்கண்ணாடியை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, கன்னத்தில் சிவப்பை இழுத்தான்.

“விடுங்க வாத்தியாரே,” என்றான் குந்தி வேஷம் கட்டும் அய்யனார். “காலைலேர்ந்து இப்படித்தான் இருக்கான். பொண்டாட்டி மேரி கட்டிக் குடுத்த இட்லியக்கூடத் தொடல. தொண்டை வேற சரியில்லையாம், பாட்டெல்லாம் பின்பாட்டுக்காரங்களே பாடட்டும்ங்கறான்.”

“கர்ணனுக்குத் தொண்டை எதுக்கு? இப்பல்லாம் செத்துக் கிடந்தாப் போதுமே!”

வாத்தியார் சிரித்தாலும் விஷயம் உண்மைதான். சாவு வீட்டில் பதினாறாம் நாள் கர்ண மோட்சம் ஆடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கொரோனாவில் போனவர்களுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. ஊரடங்கு முடிந்து முதல் கூத்து ஆடிய ஊரில், செத்த கர்ணனைக் குந்தி மடியில் கிடத்தி அழுதபோது, கூட்டத்திலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள். குந்தியைத் தள்ளிவிட்டு, ஐயப்பன் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு, தன் மகன் பேரைச் சொல்லி அழுதாள். அவளை எழுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

அதன்பிறகு எல்லா ஊரிலும் அதையே கேட்டார்கள். முடிகிற இடத்தில் குந்தி விலகி நிற்பாள். பறிகொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, கர்ணனை மடியில் போட்டு அழுதுவிட்டுப் போவார்கள்.

மரக்காணத்தில் உப்புக் கிடங்கு ஓரமாக வேன் நின்றது. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பாத்தி வேலை முடிந்தவர்கள், காலில் வெள்ளையாகக் காய்ந்த உப்போடு அப்படியே வந்து மணலில் உட்கார்ந்தார்கள்.

கூத்துக்கு ஏற்பாடு செய்திருந்த மேஸ்திரி பஞ்சநாதன், வேஷம் கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

“எட்டு மணிக்கெல்லாம் முடிச்சிடுங்க. விடிய விடிய ஆடினா காலைல பாத்திக்கு ஒருத்தனும் வர மாட்டான்.”

“அழ வர்றவங்க யார் யாருங்க?” என்றார் வாத்தியார்.

“ராசம்மா வருது, அதுக்கு வீட்டுக்காரன் போயிட்டான். இன்னும் ரெண்டு மூணு பேரு. அப்புறம் பாக்கியலட்சுமி. ஒரே புள்ள. அவ வாயத் தொறந்து அழுது நாங்க யாரும் பாத்ததில்ல. அவ வீட்டுக்காரரு சடையப்பன் கிடுகிடுன்னு காரியத்த முடிச்சிட்டாரு. ஊரடங்கு நேரம், பத்து பேருதான் இருந்தோம்.”

“பையனுக்கு என்ன ஆச்சுங்க?”

“அத நாங்க பேசறதில்லீங்க. சடையப்பனுக்குப் புடிக்காது.”

“அவரு வருவாரா?” கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமல், கரகரத்த குரலில் கேட்டான் ஐயப்பன்.

“சடையப்பனா? முன்னாடியே குந்துவாரு. கண்ணு மட்டும் கலங்காது.”

பஞ்சநாதன் போனதும் ஐயப்பன் கிரீடத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தான்.

“வாத்தியாரே, அந்தம்மா மட்டும் வேணாம்.”

“ஏன்டா?”

“அவங்க புள்ளைய எனக்குத் தெரியும்.”

“சிநேகிதனா?”

ஐயப்பன் கண்ணாடியைப் பார்த்தான். நீலமும் சிவப்பும் பூசிய முகம் அவனைத் திரும்பிப் பார்த்தது.

“கூடவே இருந்தவன்.”

வாத்தியார் அவன் தோளில் கை வைத்தார். “அப்ப நீதான்டா படுக்கணும். வேற எவன் கெடந்தாலும் அந்தம்மாவுக்கு அது வெறும் கூத்து.”

ஐயப்பன் கிரீடத்தைத் தலையில் வைத்துக் கட்டினான். வேண்டாம் என்று வாய்தான் சொன்னது. அந்த மடியை நினைத்துத்தான் வண்டியே ஏறினான்.

அம்பு பாய்ந்தது. கர்ணன் சாய்ந்தான். குந்தி அழுதுவிட்டு ஒதுங்கி நிற்க, மத்தளம் அடங்கியது. ஐயப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

முதலில் வந்தவள் ராசம்மா. “பிளாஸ்டிக்குல சுத்தி எடுத்துட்டுப் போனானுங்களே, மொகத்தக்கூடக் காட்டலியே!” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அடுத்து யாரோ ஓர் ஆள். அழவே இல்லை. நெற்றியைத் தடவிவிட்டு, எழுந்து போய்விட்டார். பிறகு இன்னொருத்தி.

எல்லா மடியிலும் உப்பு வாடை. எல்லாக் கையும் உப்பில் வெடித்த கை. ஒவ்வொரு காலடிக்கும் அவன் மூச்சைப் பிடித்தான்; குரல் கேட்டதும் விட்டான்.

கடைசியாக ஒரு காலடி வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கூட்டத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

பிறகு அவன் தலை மெல்ல உயர்ந்து ஒரு மடியில் இறங்கியது.

“என்னப் பெத்த ராசா, போயிட்டியேடா!”

பாக்கியலட்சுமி போட்ட ஓலத்தில் ஊரே விம்மியது. அவள் குனிந்தாள். முந்தானை சரிந்து கர்ணனின் முகத்தை மூடியது. அவன் காதோரம் வேறொரு குரல், மூச்சு மாதிரி, கேட்டது.

“மேரி நல்லா இருக்குதா?”

அவன் இமை துடித்தது. வெடித்த உள்ளங்கை ஒன்று அவசரமாக அதன்மேல் அழுந்தியது.

“கண்ணத் தொறக்காதடா ஐயப்பா, உங்கப்பா பாத்துக்கிட்டு இருக்காரு. அம்மா மடியில இன்னும் கொஞ்ச நேரம் செத்தவனாவே கெட.”