ஆண்ட்வெர்ப்பில் எத்தனை கோபுரம்?

"அந்தப் பெரிய சர்ச்சுக்கு எத்தனை கோபுரம்?"

முகைதீன் அதட்டிய அதட்டலில், மூன்று மாடிக்குக் கீழே லான்மடாவ் தெருவில் போன சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் பிரேக்கைப் பிடித்தான். பெண் கேட்டு வந்த ஜாபரை அவர் இன்னும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ரெண்டு, மாமா. ஒண்ணுதான் முழுசாக் கட்டினது. இன்னொண்ணு ஐந்நூறு வருஷமா பாதியில நிக்குது."

"மாமான்னு யாரு கூப்பிடச் சொன்னா?"

"சரிங்க மாமா."

முகைதீன் முப்பது வருடம் கப்பலில் இருந்தவர். ஐரோப்பாவின் பழைய ஊர்கள் எல்லாம் அவருக்குப் பக்கத்துத் தெரு என்று லான்மடாவே சத்தியம் செய்யும். மகள் ருக்சானாவைக் கட்டினால் கப்பல்காரன்தான் கட்ட வேண்டும், அதுவும் அசல் கப்பல்காரன் என்பது அவர் சட்டம். பெரியவர்கள் பேச வருவதற்கு முன்னால் பையன் தனியாக வந்து அவரிடம் தேற வேண்டும்.

ஜாபர் தன் கப்பல் புத்தகத்தை விரித்து, ஆண்ட்வெர்ப் துறைமுகத்தின் நான்கு முத்திரைகளையும் காட்டினான். அவர் அதைக் கெட்டுப்போன மீனைத் தள்ளுவதுபோல் தள்ளினார்.

"இதைக் கொண்டுபோய் வேற எவன்கிட்டயாவது காட்டு. கேட்ட ஊரு, கேட்ட தேதி, முத்திரை குத்திக் கொடுக்கத் தெருமுனையிலயே ஆள் இருக்கான். போன மாசம் சர்ஃபராஸ்னு ஒருத்தன் இப்படித்தான் புத்தகத்தோட வந்து நின்னான். விசாரிச்சா மாவ்பி சந்தையில வெங்காயம் விக்கிறான்!"

ஜாபரின் முத்திரைகள் நான்கும் அசல். எஞ்சின் அறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு பிசுக்காக நான்கு தடவை அந்தத் துறைமுகத்துக்குப் போனவன்தான் அவன். ஆனால் ஆண்ட்வெர்ப்பில் அவன் கண்டது ஒரு டெலிபோன் கூண்டும், அதற்கு முன்னால் முப்பது பேர் வரிசையும், விடாத தூறலும்தான். இதைப் போய்ப் பெண் வீட்டில் சொல்ல வாய் வருமா?

அந்தச் சர்ஃபராஸ் ஜாபரின் கூட்டாளிதான்; இங்கே வருவதற்கு முன் வழி சொல்லிக் கொடுத்ததும் அவன்தான். "கிழவன் அந்த ஊரையே கரைச்சுக் குடிச்சிருக்கான்டா. எல்லாத்தையும் சொன்னேன். சர்ச்சுப் பக்கத்துல ஒரே ஒரு சந்து விட்டுப்போச்சு, கழுத்தைப் பிடிச்சுத் தள்ளிட்டான். நீ எதையும் விடாத." சொன்னதோடு, பன்சோடான் தெரு நடைபாதைக் கடையில் வாங்கிய ஊர்வழிகாட்டிப் புத்தகத்தையும் கையில் திணித்தான். பதினைந்தே நாளில் ஜாபர் அட்டையைத் தவிர மற்றதையெல்லாம் தின்று தீர்த்தான்.

"சதுக்கத்துல என்ன?" முகைதீன் அடுத்த குண்டைப் போட்டார்.

"ஒரு வீரன், வெட்டின கையைத் தூக்கி எறியுற மாதிரி சிலை. படகுக்காரங்க வரி கட்டலேன்னா கையை வெட்டுற ராட்சசன் ஒருத்தன் இருந்தானாம். அவன் கையை இவன் வெட்டி ஆத்துல வீசிட்டானாம்."

"நல்ல பழக்கம்" என்றார் முகைதீன், ஜாபரின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே. "கப்பல் எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணரை நாள், மாமா. அப்புறம் அந்தக் கசாப்புக்காரங்க கட்டின மாளிகை! ஒரு வரி சிவப்புச் செங்கல், ஒரு வரி வெள்ளைக் கல்லு. தள்ளி நின்னு பார்த்தா கொழுப்போட வெட்டி வச்ச கறி மாதிரியே இருக்கும்."

திரைக்குப் பின்னால் ருக்சானாவின் வளையல்கள் படபடவென்று குலுங்கின. ஒரு கல்யாணப் பந்தியில் டாம்பவ் பிரியாணித் தட்டை நீட்டியபடி அவள் சிரித்த சிரிப்புதான் அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. சபாஷ் சொல்கிறாள் என்று ஜாபர் இரண்டு அங்குலம் உயர்ந்தான்.

முகைதீனின் கழுத்து நரம்போ நங்கூரக் கயிறாகப் புடைத்தது. தாடி தனியாக ஆடியது.

"இந்தாங்க, பிள்ளைக்குத் தொண்டை வறண்டுபோச்சு. ஒரு டீயாவது..." என்று எட்டிப் பார்த்தாள் அவர் மனைவி கரீமா.

"டீயைக் குடிச்சா இன்னும் பத்துத் தெரு சொல்லுவான். உள்ள போ!"

வளையல்கள் மறுபடி குலுங்கின. இந்த முறை உடைந்துவிடும்போல. ஜாபருக்கு வீரம் தலைக்கேறியது. ஆற்றுக்கடியில் போகும் சுரங்கப்பாதையைச் சொன்னான். அதில் இறங்க மரத்தாலான ஓடும் படிக்கட்டு இருப்பதைச் சொன்னான். படிப்படியாக முகப்பு வைத்த பழைய வீடுகளைக் கைவிரலால் காற்றில் வரைந்தே காட்டினான்.

"நீங்க கேட்கல, நானே சொல்றேன் மாமா. சர்ச்சுக்குப் பக்கத்துல குறுகலா ஒரு சந்து இருக்கு பாருங்க, பழைய காலத்துல செருப்புத் தைக்கிறவங்க குடியிருந்தது..."

சர்ஃபராஸ் விட்ட சந்து அதுதான். சொல்லி முடித்ததும், இனி நிக்காஹ்தான் பாக்கி என்று நிமிர்ந்து நின்றான்.

முகைதீன் எழுந்தார். கப்பல் புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி, வாசலில் கிடந்த அவன் செருப்பின்மேல் போட்டார்.

"வெளிய போடா, வெங்காயம்!"

"மாமா, நான் நெசமாவே கப்பல்ல..." ஜாபர் புத்தகத்தைப் பொறுக்கி எடுத்தான். "எல்லாத்தையும் கரெக்டாச் சொன்னேனே! எதுல தப்பு?"

"யாருக்குடா தெரியும்?" கதவைப் பிடித்துக்கொண்டு கர்ஜித்தார் முகைதீன். "பதினோரு தடவை போனவன்டா நான். அந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல!"