சிவப்புக் கோடு போட்ட அம்பு

"இது யாரோட அம்பு?"

கேட்டவர் கரகு நோயன், எங்கள் ஆயிரம் குதிரைக்கும் தலைவர். அவர் கையில் இருந்த அம்பில் இறகுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு இருந்தது.

எங்களில் ஒவ்வொருவனும் தன் அம்புக்கு ஒரு குறி போட்டு வைத்திருப்பான். சிவப்புக் கோடு பூகிதையின் குறி என்று எங்கள் பத்துப் பேருக்கும் தெரியும். அந்த அம்பை எய்தவன் பூகிதை இல்லை என்பதும் தெரியும்.

எய்தவன் என் பக்கத்தில் நின்ற எசூர்.

அவர்கள் இருவரும் சத்தியம் செய்துகொண்ட சகோதரர்கள். இந்தக் கோட்டையைச் சுற்றி வளைத்த அன்று, எங்கள் வழக்கப்படி ஆளுக்கொரு அம்பு மாற்றிக்கொண்டார்கள். நேற்று மாலை எசூரின் தூணி காலியாகி, பூகிதை கொடுத்த அம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கோட்டைக் கதவு திறந்தது. சாம்பல் நிறக் குதிரையில், பட்டு அங்கி பளபளக்க ஒருவன் வெளியே வந்தான். எசூர் விட்டான். ஆள் விழுந்துவிட்டான்.

அதற்குப் பிறகு எங்களைத் தூங்க விட்டானா?

"பெரிய தலை ஒண்ணு சாஞ்சிருக்கு. நாளைக்குப் பாருங்கடா, நூறு பேருக்கு நான்தான் தலைவன்."

வீண் ஆசை என்று சொல்ல முடியாது. முன்பெல்லாம் எங்கள் புல்வெளியில் ஒருவனை உயர்த்தப் பிறப்பைப் பார்த்தார்கள். கான் எங்கள் பேரரசராக வந்த பிறகு அம்பைப் பார்க்கிறார்கள். போன மாதம் ஓர் ஆட்டுக்காரன், கோபுரத்துக் காவலனை வீழ்த்தியதற்காக, இதே போன்ற கேள்விக்கு "என்னோடது" என்று சொல்லித்தான் நூறு பேருக்குத் தலைவனானான். குதிரையும் அங்கியும் வேறு கிடைத்தன.

இன்றும் நோயனின் மடியில் பட்டு அங்கி மடித்துக் கிடந்தது. பின்னால் அந்தச் சாம்பல் குதிரை சேணத்தோடு நின்றது. எசூர் குதிரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் பூகிதை முன்னால் போய்விட்டான்.

தொப்பியைக் கழற்றினான். இடுப்பு வாரை அவிழ்த்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மண்டியிட்டான். "என்னோடதுங்கய்யா" என்றான்.

வாரைக் கழுத்தில் மாட்டினால், என் உயிர் இனி உங்கள் கையில் என்று அர்த்தம். பதவி வாங்குகிறவனும் அதைச் செய்வதுண்டு.

"பணிவப் பாரு திருட்டுப் பயலுக்கு" என்று எசூர் பல்லைக் கடித்தான்.

எசூரின் பொறாமை இன்று நேற்று வந்ததில்லை. பூகிதை தும்மினால்கூட அது தன்னுடைய தும்மல் என்பான். பூகிதையின் குதிரை நல்ல குட்டி போட்டால் இவனுக்குச் சோறு இறங்காது. பூகிதையின் தோல்பையில் குதிரைப்பால் நன்றாகப் புளித்துவிட்டால், அந்தப் பை என்னுடையது என்பான். பூகிதை சிரித்துக்கொண்டே குட்டியையும் கொடுத்தான், பையையும் கொடுத்தான். பூகிதைக்குப் பேசிவைத்திருந்த பெண் இப்போது எசூரின் கூடாரத்தில்தான் இருக்கிறாள்.

அப்படிக் கொடுத்தே பழகிய பூகிதை இன்று மட்டும் ஏன் மாறினான் என்று எனக்குப் புரியவில்லை. நேற்று விழுந்தவர்களிடம் அம்பு பொறுக்கப் போய் வந்ததிலிருந்தே அவன் சரியில்லை. நீட்டிய இறைச்சியைத் தொடவில்லை. காலையில் எசூரிடம் அவன் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"யாரு என்ன கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. நான் பாத்துக்கறேன்."

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டான். எசூரைச் சொல்வானேன், எனக்கே வயிறு எரிந்தது.

நோயன் தலையசைத்தார். இரண்டு காவலர்கள் வந்து பூகிதையின் இருபுறமும் நின்றார்கள். அதற்குள் மரியாதையெல்லாம் ஆரம்பமாகிவிட்டது.

எசூரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினான்.

"பொய் சொல்றாங்கய்யா அவன். கோடுதான் அவனோடது, அம்ப விட்டது நான். இவனுங்களையே கேளுங்க."

நோயன் எங்களைப் பார்த்தார். நாங்கள் தலையாட்டினோம். உண்மையைத்தானே சொல்கிறான்.

"நெசமாவே நீதானா?"

"வானத்து மேல சத்தியமா நான்தான். அவ்வளவு தூரத்துலேருந்து இவனால அடிக்க முடியுமா?"

பூகிதை கண்ணை மூடிக்கொண்டான்.

நோயன் மடியில் இருந்த அங்கியை விரித்தார். மார்பில் ஓர் ஓட்டை இருந்தது. அதைச் சுற்றி ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மடிப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளித் தகடு புல்லில் விழுந்தது. அது கானின் தகடு. எங்கள் தூதர்கள் மட்டும் வைத்திருப்பது.

"நான் அனுப்பின ஆளு" என்றார் நோயன். குரல் உயரவே இல்லை. "போறப்ப கம்பளிதான் போட்டிருந்தான். கோட்டைக்காரங்க, சண்ட வேணாம், கதவத் தெறந்து விடறோம்னு சொல்லி, பட்டுப் போத்தி, குதிரையும் குடுத்து அனுப்பியிருக்காங்க."

இந்த நாட்டுக்காரர்கள் எங்கள் தூதனைக் கொன்றார்கள் என்றுதான் நாங்கள் இவ்வளவு தூரம் வந்திருந்தோம்.

நேற்று அம்பு பொறுக்கப் போனபோது பூகிதை அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான்.

காவலர்கள் அவனை விட்டுவிட்டு எசூரின் இருபுறமும் வந்து நின்றார்கள். எசூர் இன்னும் அந்தக் குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூகிதை எழுந்தான். கழுத்திலிருந்து வாரை எடுத்தான். அதை இடுப்பில் கட்டத் தோன்றாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"ஒரு தடவையாவது," என்றான், "எனக்கு வந்தத என்கிட்டயே விட்டிருக்கக் கூடாதாடா?"