மூன்றாவது சாவி

ஒரே சம்பளத்துக்கு இரண்டு நாடுகள் வரி கேட்டன. வெளிநாட்டு வேலையிலிருந்து விடுப்பில் ஊருக்கு வந்திருந்த நர்ஸ் ஜெசிந்தாவிடம் ஆடிட்டர் மாசிலாமணி சொன்னார்: “ரெண்டு நாடும் உங்கள என் ஆளுன்னு சொல்லுது. உங்க வாழ்க்கை எந்தப் பக்கம்னு நாமதான் காட்டணும். இல்லன்னா ரெண்டு இடத்துலயும் அழ வேண்டியதுதான். நிஜமா உங்க வீடு எதும்மா?”

“அதுதான் சார் எனக்கும் தெரியல” என்று மாதா படம் தொங்கிய சாவிக்கொத்தை அவள் மேசைமேல் வைத்தாள். “இது இங்க உள்ள வீடு. இது அங்க வாடகை வீடு.”

“மூணாவது எந்த நாட்டுது? அதுவும் வரி கேக்குமா?”

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். “அது அங்க எதிர்வீட்டுப் பெரியவரோடது சார். தனியா இருக்காரு. காலையில ஜன்னல் திரைய விலக்கலன்னா நான் திறந்து பாக்கணும். அதுக்காகக் குடுத்து வச்சிருக்காரு.”

“நீங்க இங்க இருக்கீங்க, சாவியும் இங்க இருக்கு. இப்ப யாரு பாப்பாங்க?”

ஜெசிந்தா, அங்கே இந்நேரம் விடிந்திருக்குமா என்று கைபேசியில் மணி பார்த்தாள். பிறகு பெரியவரின் எண்ணைத் தேடி அழைத்து, காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாசிலாமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, வீடு எந்தப் பக்கம் என்று எழுதப் பேனாவின் மூடியை மெல்லக் கழற்றினார்.