வில்லிக்கு அம்மா முகம்

சூப்பர் ஹீரோ படங்களுக்கு இப்போதெல்லாம் நடிகர்களே தேவையில்லை. வீட்டில் நடக்கிற பேச்சை ஒட்டுக்கேட்டு, அந்த வீட்டில் யாருக்கு எந்த வேடம் என்று டிவியே முடிவு செய்துவிடும். அதனால்தான் ஊரிலிருந்து அம்மா வந்திருக்கும்போது டிவியைப் போடவே ஞானவேலுக்கு உதறல். மாமியாரைப் பற்றி அவன் மனைவி பிரமிளா சமையலறையில் முணுமுணுத்ததெல்லாம் அதன் காதில் விழாமலா இருக்கும்?

அம்மாவே டிவியைப் போட, பயந்தபடியே ஆயிற்று. கண்ணில் நெருப்புப் பறக்க வானத்திலிருந்து இறங்கிய வில்லிக்கு அம்மா சொர்ணத்தின் முகம். அவளை எதிர்த்து, சிவப்பு அங்கி பறக்க நின்ற நாயகிக்குப் பிரமிளாவின் முகம்.

ஞானவேல் சத்தம் போடாமல் எழுந்தான்.

"ஏம்மா, வில்லி நானா?" என்றாள் சொர்ணம்.

பிரமிளா அவசரமாக ரிமோட்டைத் தேடினாள். "இல்ல அத்தை, டிவி ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டு..."

"அட, சும்மா இரு. ஒத்தக் கையில பாலத்தையே தூக்குறேன், பாரு!"

பிரமிளாவுக்குச் சிரிப்புப் பீறிட்டது. இருவரும் நெருங்கி உட்கார்ந்து ஒரே தட்டில் முறுக்குக் கொறித்தார்கள்.

"ஆமா, நம்ம ஞானத்தைப் படத்துல காணோமே?" என்றாள் சொர்ணம்.

திரையில் வில்லியும் நாயகியும் மோதியதில் நகரமே இடிந்து விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் இருவருக்கும் நடுவே மஞ்சள் பையோடு ஒருவன் பூனைபோல் நழுவினான்.

"கடைக்குப் போயிட்டு வர்றேன், ஏதாச்சும் வேணுமா?" என்றான், ஞானவேலின் குரலிலேயே.

மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஞானவேல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கையில் அதே மஞ்சள் பை.